குதிரையின் வலது பக்கம்

கால்நடை ஆய்வாளர் வேலையில் வாயில்லாத ஜீவன்களால் ஒரு தொல்லையும் கிடையாது. தொல்லையெல்லாம் வாயுள்ள உரிமையாளர்களால்தான்.

பழவேற்காட்டுப் பக்கம் ஒரு கிளை நிலையத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். மீன்பிடி ஊர்கள் என்பதால் எனக்கு வரும் நோயாளிகள் ஆடு, கோழி, தொண்டையில் மீன் முள் சிக்கிய நாய், அந்த நாயிடம் கடி வாங்கிய இன்னொரு நாய். நான் டாக்டர் இல்லை, ஆய்வாளர். இரண்டும் வேறு வேறு பதவி, வேறு வேறு படிப்பு. இதை ஒன்பது வருடமாக விளக்கி வருகிறேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிங்க டாக்டரம்மா” என்கிறார்கள்.

இதைப் படிக்கும் நீங்களும் இணையத்தில் எதையோ பார்த்து ஆசைப்பட்டு வாங்கி, பிறகு யாரிடமும் சொல்லாமல் பரணில் ஏற்றியவராகத்தான் இருப்பீர்கள். என் பரணில் ஒரு புத்தக அலமாரி இருந்தது. படத்தில் ஐந்து தட்டு, தேக்கு நிறம், பக்கத்தில் ஒரு பூந்தொட்டி. வந்து சேர்ந்தது என் முழங்கால் உயரம். உயரம் எவ்வளவு என்று விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒழுங்காகப் போட்டிருந்தான். வாரத்துக்கு மூன்று புத்தகம் படிக்கும் நான் அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை. ஆகவே கீழ்க்கண்ட சம்பவங்களில் யாரைப் பார்த்தும் சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கொஞ்சம் சிரித்தேன்.

ஏழுமலைக்கு ஒரு குதிரை

கோட்டைக்குப்பம் ஏழுமலை ஒரு செவ்வாய்க்கிழமை காலை நிலையத்துக்கு வந்தார். ஆடு மாடு எதுவும் கூட வரவில்லை. கையில் செல்போன்தான் இருந்தது. அவருக்கு வலது தோள் மூன்று முறை விலகியிருந்தது. இனி வலை இழுத்தால் கையைத் தூக்கவே முடியாமல் போகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். படகில் தனக்கிருந்த பங்கைக் கூட்டாளியிடமே விற்றுவிட்டார். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன் வேலை தயாராக இருந்தது. போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராம். தண்ணீர் என்று கண்ணில் பட்டது ஒரு டிரம்மில் மட்டுமாம்.

அதனால்தான் குதிரை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்கு வரும் கூட்டத்தில் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று நடத்திக் காட்டலாம். கயிறு பிடிக்க இடது கை போதும். படகுப் பங்குக்கு வந்த தொகை ஒரே ஒரு குதிரைக்குத்தான் காணும். அந்தக் குதிரை பொய்யாகப் போனால் மிச்சம் இருப்பது வாட்ச்மேன் தொப்பி. இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் போனை என்னிடம் கொடுத்த விதம், காய்ச்சல் வந்த குழந்தையை டாக்டரிடம் நீட்டுவது போல இருந்தது.

வெள்ளைக் குதிரைதான் வேண்டும் என்றார். நாம் வெள்ளை என்று நினைக்கும் குதிரைகளில் பெரும்பாலானவை கறுத்துப் பிறந்து போகப் போக நரைத்தவை என்றும், குதிரைக்காரர்கள் கணக்கில் அந்த நிறத்துக்குச் சாம்பல் என்று பெயர் என்றும், தோலைப் பார்த்தால் உள்ளே கறுப்பாகவே இருக்கும் என்றும் விளக்கினேன். அவர் மனைவி மங்கா பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்பவர். கூடையை இடுப்பில் வைத்தபடி வாசலிலேயே நின்று முழுவதையும் கேட்டார். “நீங்க கலருலாம் சொல்ல வேணாம் டாக்டரம்மா. அது குதிரையா இல்லியான்னு மட்டும் பாத்து சொல்லுங்க.”

குளித்துக்கொண்டே இருந்த குதிரை

குதிரைக்காகக் கொடுத்த பணத்துக்கு நரி வந்து சேர்ந்த கதை நம்மிடம் பழசு. அந்தக் காலத்தில் நரியாவது வந்து சேர்ந்தது. இந்தக் காலத்தில் வருவது படம் மட்டும்.

முதல் விளம்பரத்தில் ஒரு வெள்ளைக் குதிரை குளத்தில் வயிறு மூழ்க நின்றுகொண்டிருந்தது. தலையை நிமிர்த்தி, காதுகளை விறைத்து, அரசர் வீட்டுக் குதிரை போல ஒரு பார்வை. ஏழுமலையின் பழைய படகுக் கூட்டாளிகள் அத்தனை பேரும் படத்தைப் பார்த்து ஒரே மனதாகச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். வேறு எந்த ஊரிலும் ஒருவராவது கால் எங்கே என்று கேட்டிருப்பார். இங்கே பாதி நாளை இடுப்பளவு தண்ணீரில் கழிப்பவர்கள் என்பதால், இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் எதுவும் அவர்களுக்கு வினோதமாகப் படவில்லை. தண்ணீருக்குப் பயப்படாத குதிரை, நம்ம ஊருக்கென்றே பிறந்தது என்று புகழ்ந்திருக்கிறார்கள்.

குதிரைக்கு விலையே காலில்தான், கால் சரியில்லாத குதிரையைப் புல்லிலோ வைக்கோலிலோ தண்ணீரிலோ நிறுத்தித்தான் படம் எடுப்பார்கள் என்று சொன்னேன். கரையேற்றி ஒரு படம் அனுப்பச் சொன்னோம். குதிரை குளித்துக்கொண்டிருக்கிறது என்று பதில் வந்தது. மறுநாளும் குளித்தது. அதற்கு மறுநாளும் அதே பதில் வந்ததும் ஏழுமலை போனை மடியில் போட்டுக்கொண்டார். “மூணு நாளா தண்ணியில கீற குதிரைய வாங்கினு வந்து இன்னா பண்றது டாக்டரம்மா? ஊறிப் போயிருக்கும்.”

எட்டு லிட்டர்

குதிரையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுவர ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்டு வாங்குவது நல்லது. இதை ஏழுமலைக்குச் சொல்லிவைத்தேன். இரண்டாவது விளம்பரக்காரர் கேட்ட பத்தாவது நிமிடம் சான்றை அனுப்பிவிட்டார். வட்ட முத்திரை, பச்சை மைக் கையெழுத்து, எல்லாம் கச்சிதம். ‘இனம்’ என்ற இடத்தில் மட்டும் ‘குதிரை’ என்ற சொல் கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் பெரிதாக ஒட்டப்பட்டிருந்தது. பாலினம் ஆண். ஈன்ற கன்றுகள் மூன்று. நாளொன்றுக்குப் பால் எட்டு லிட்டர்.

நான் அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் நிலைய உதவியாளர் பாஸ்கர் ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமலே சொன்னார். “கறந்து காட்ட சொல்லுங்க மேடம், நான் டீ போட்டுத் தரேன்.”

ஏரி நடுவில் ஒரு லாரி

மூன்றாமவர் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர். பாசமாக வளர்த்த குதிரையாம். நல்ல கையில் போய்ச் சேர்ந்தால் போதுமாம். பாதி விலை. அதுவும் குதிரை வந்து சேர்ந்த பிறகு கொடுத்தால் போதும், லாரி வாடகையை மட்டும் முன்னால் அனுப்புங்கள் என்றார். பாதி விலை என்றதும் ஏழுமலையின் முகம் மாறிவிட்டது. சந்தேகப்படாதீர்கள், குதிரையை லாரியில் ஏற்றியாகிவிட்டது, இதோ லாரி நிற்கும் இடம் என்று வரைபடத்தில் ஒரு புள்ளியும் அனுப்பினார். புள்ளி எங்கள் ஊருக்கு வெகு பக்கத்தில் இருந்தது. ஏழுமலையின் கட்டைவிரல் பணம் அனுப்பும் பட்டனுக்கு மேலே வந்து நின்றுவிட்டது.

பழவேற்காட்டு ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. நல்ல இடங்களைப் ‘பாடு’ என்று பெயர் வைத்துப் பிரித்து, எந்தப் பாட்டில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறார்கள். அதனால் எங்கள் ஆட்களுக்கு ஏரி என்பது நம் வீட்டுக்குள் அறைகள் இருப்பதைப் போல. ஏழுமலை வரைபடத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். சுண்ணாம்புக்குளம் இந்தப் பக்கம், கோட்டைக்குப்பம் அந்தப் பக்கம் என்று அளந்தார். விரலைப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார். “லாரி நிக்கறது எங்க பாட்டுல டாக்டரம்மா. இன்னிக்கி முறை என் மச்சானோடது. வலைய கிழிச்சிதுனா பஞ்சாயத்து ஆயிடும்.”

நல்ல கண் பக்கம்

இதற்குப் பிறகு விஷயத்தை அறிவுபூர்வமாக அணுகுவது என்று முடிவு செய்தேன். இரண்டு புத்தகங்களைப் புரட்டிப் பதினேழு கேள்விகள் தயாரித்தேன். நான்காவது குதிரைக்காரர் ஆந்திரா பக்கம். பேச்சில் வரிக்கு ஒரு நைனா. குதிரை அசல், வெள்ளை. அதாவது சாம்பல். அன்றைய தேதியை அட்டையில் எழுதிக் குதிரைக்குப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினார். பல்லைக் காட்டினார், ஏழு வயதுக்கு மேல் மதிக்க முடியாது. குளம்பைத் தூக்கிக் காட்டினார். சிமெண்ட் தரையில் நடத்திக் காட்டினார். நாலு காலும் தாளம் தப்பவில்லை. பதினேழு கேள்விக்கும் டிக் போட்டேன். கீழே ஒரு கோடு இழுத்து, ‘வாங்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மறுநாள் காலை பணத்தோடு ரயில் ஏறுவதாக ஏழுமலை முடிவு செய்தார்.

அன்று மத்தியானம் கடைசியாக ஒருமுறை வீடியோவில் குதிரையைப் பார்க்க என் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். மங்கா மார்க்கெட்டிலிருந்து காலிக் கூடையோடு வந்தார். ஒரு நிமிடம் பார்த்தார். அந்தப் பக்கம் திருப்பிக் காட்டச் சொன்னார். குதிரைக்காரர் வாலின் அடர்த்தியைப் புகழ்ந்தார். மங்கா மறுபடி கேட்டார். போன் குளம்பு வரை இறங்கியது. மூன்றாம் முறை கேட்டதும் குதிரை திரும்பத்தான் செய்தது. ஆனால் அதோடு சேர்ந்து அவரும் சுற்றிக்கொண்டார். நிலா பூமியைச் சுற்றும்போது ஒரே முகத்தைத்தான் காட்டும் என்று படித்திருக்கிறேன். அதைக் குதிரை செய்து அன்றுதான் பார்த்தேன். நாலாவது முறை கேட்டபோது சிக்னல் போய்விட்டது.

படங்களை முதலிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பதினோரு படம், நாலு வீடியோ. அத்தனையிலும் இடது பக்கம்தான். பல், குளம்பு, வால் எல்லாம் கேட்ட நான், வலது கண்ணைக் கேட்கவில்லை. மாலையில் அவரைப் பிடித்து நெருக்கியதும், வலது கண்ணில் லேசாகப் பூ விழுந்திருப்பதாக ஒப்புக்கொண்டார். லேசா முழுசா என்று கேட்டதற்கு மறுபடி சிக்னல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வலது பக்கமாக ஒரு குழந்தை ஓடி வந்து அந்தக் குதிரை மிரண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை. ஏழுமலையும் கேட்கவில்லை. டிக் போட்ட காகிதத்தை மட்டும் எடுத்து நாலாக மடித்து என்னிடமே கொடுத்தார்.

மங்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பலகையில் மீனை அடுக்கும்போது தெளிவான கண்ணை மேலே வைப்பார்களாம். கலங்கிய கண், அடிபட்ட கண் கீழே போய்விடுமாம். வாங்குகிறவர் மேலே இருக்கும் கண்ணைப் பார்த்துவிட்டு மீன் புதுசு என்று எடுத்துப் போவாராம். எல்லாக் கடைகளிலுமா என்றேன், கொஞ்சம் அதிர்ச்சியோடு. மங்கா கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். “உங்களுக்கே நானு அஞ்சு வருசமா அப்டித்தான டாக்டரம்மா வச்சிக் குடுக்கறேன்.”

நொண்டும் என்று எழுதியவர்

இரண்டு வாரம் ஒரு குதிரையும் அகப்படவில்லை. வேலைக்கு வருகிறாரா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லும்படி தொழிற்சாலையிலிருந்து தகவல் வந்துவிட்டது. ஏழுமலை கறுப்புக் கால்சட்டை ஒன்று தைக்கக் கொடுத்தார். சனிக்கிழமை மத்தியானம் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. படம் கோணலாக இருந்தது. அதில் பாதிக் குதிரையும் ஒரு முழு பக்கெட்டும் தெரிந்தன. கீழே இப்படி எழுதியிருந்தது: ‘பெண் குதிரை. பழுப்பு. வயது பதினொன்று. மழைக்காலத்தில் இடது முன்கால் கொஞ்சம் நொண்டும். பேண்டு வாசித்தால் நின்றுவிடும். நேரில் வந்து பார்க்கவும். பணம் அனுப்ப வேண்டாம்.’

நான் மூன்று முறை படித்தேன். இவ்வளவு நல்ல உரைநடையைச் சமீபத்தில் எங்கும் படித்ததில்லை. ஒரு அடைமொழிகூடக் கிடையாது. மங்காவுக்கு வேறு காரணத்தால் பிடித்துப் போயிற்று. ஏலத்தில் கேட்காமலே ‘இது நேத்து மீனு’ என்று சொல்கிற ஆளிடம்தான் அவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவாராம். மறுநாள் காலை மூவரும் திருவள்ளூர் தாண்டி பஸ்ஸில் போனோம்.

விளம்பரம் கொடுத்த காதர் பாய் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். பழுப்புக் குதிரையின் பெயர் மல்லிகா. நாலு கல்யாணத்தில் பேண்டு தொடங்கியதும் நடுத்தெருவில் நின்றுவிட்டதாம். கடைசிக் கல்யாணத்தில் மாப்பிள்ளை இறங்கி, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபம் வரை நடந்தே போயிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் யாரும் மல்லிகாவைக் கூப்பிடவில்லை. நாங்கள் கேட்பதற்கு முன்பே பாய் இடது முன்காலைத் தூக்கி, வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

மங்கா நேராக வலது பக்கம் போய்க் கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டினார். மல்லிகா தலையை இழுத்துக்கொண்டது. இடது பக்கமும் அப்படியே. பிறகு மீனுக்குச் செவுளைத் தூக்கும் பழக்கத்தில் உதட்டைத் தூக்கினார். குதிரை வாங்குவதில் அதுதான் சரியான முறை என்பது அவருக்குத் தெரியாது. பல்லைப் பார்த்தேன், பதினொன்று என்றது உண்மை. ஏழுமலை இடது கையில் கயிற்றைப் பிடித்து நடந்தார். மல்லிகா பின்னாலேயே போயிற்று, ஏதோ ரொம்ப நாளாகத் தெரிந்தவர் கூப்பிட்ட மாதிரி.

அதன்பின் பாய் கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஏழுமலையை விசாரிக்க ஆரம்பித்தார். என்ன தீனி போடுவீர்கள், நிழல் உண்டா, உச்சி வெயிலில் மணல் சுடுமே, கனமான ஆளை ஏற்றுவீர்களா என்று கேள்வி மேல் கேள்வி. விற்கிறவர் வாங்குகிறவரைச் சோதிப்பதை அன்றுதான் பார்த்தேன். பதில்களில் திருப்தி வந்த பிறகும் கயிறு அவர் கையை விட்டுப் போகவில்லை. “கடைசியா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் தம்பி. உங்க கடல்ல பேண்டு கீண்டு வாசிக்க மாட்டாங்கல்ல?”

மல்லிகாவின் முறை

கறுப்புக் கால்சட்டை இன்னும் தையற்கடையிலேயே இருக்கிறது. மல்லிகா அலைச் சத்தத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. முதல் நாளே கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு வைக்கோலைக் கேட்டது. கவலைப்பட்டவர்கள் படகு சவாரிக்காரர்கள். பிள்ளைகள் எல்லாம் குதிரையைப் பார்த்ததும் படகில் ஏற மறுத்தன. பேச்சு வளர்ந்து ஊர்க் கூட்டம் வரை போயிற்று. ஏரிக்கு வைத்த அதே வழக்கம் கரைக்கும் வந்தது: காலையில் படகின் முறை, வெயில் தாழ்ந்து மணல் ஆறிய பிறகு குதிரையின் முறை. மணல் ஆறிய பிறகு என்பதைச் சேர்த்தது நான். மழை பெய்கிற நாளில் மல்லிகாவுக்கு விடுமுறை என்பதையும் சேர்த்தேன். என் முழங்கால் உயர அலமாரி மல்லிகாவின் கொட்டகைக்குப் போய்விட்டது. பிரஷ், குளம்புக்குப் போடும் எண்ணெய், பக்கெட் எல்லாம் அதில் கச்சிதமாக இருக்கின்றன. அதை வடிவமைத்தவர் குதிரைக்காகத்தான் வடிவமைத்திருக்க வேண்டும்.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. அம்மன் கோயில் திருவிழாவில் பேண்டு உண்டு. ஊர்வலம் ஏழுமலை தெரு வழியாகத்தான் போகும். தெரு முனையில் வாசிப்பை நிறுத்தி, குதிரைக் கொட்டகையைத் தாண்டிய பிறகு மறுபடி வாசிக்கலாம் என்று முடிவாயிற்று. அது சாமிக்குக் குறைவில்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஊர்த் தலைவர் அதற்கு யோசிக்கவே இல்லையாம். “ஆத்தா நம்ம ஊரு ஆளு, பொறுத்துக்குவா. குதிரை திருவள்ளூருலேர்ந்து வந்து கீது.”

ஒரு மடவை மீன்

போன வாரம் பொன்னேரிக்கு ஒரு கூட்டத்துக்காகப் போயிருந்தேன். திரும்பும் வழியில் மங்காவிடம் மீன் வாங்க நின்றேன். வியாபாரம் மும்முரம். கூடவே இரண்டு பெண்கள் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். மங்கா எனக்கென்று ஒரு மடவையை எடுத்துத் தராசில் வைத்தார். பளபளவென்று ஒரு கண் என்னைப் பார்த்தது. நான் அதை ஒரு விரலால் புரட்டினேன். மறுகண் குழி விழுந்து கலங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொரு மீனைப் புரட்டினார்கள்.

மங்கா அந்த மடவையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, கூடையின் அடியில் கைவிட்டு இன்னொன்றை எடுத்தார். இரண்டு கண்ணையும் எனக்குக் காட்டினார். கோபமில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. “குதிரைக்காவ சொல்லப் போயி எம் பொழப்புலயே கைய வச்சிட்டீங்களே டாக்டரம்மா.”

ஆக, இணையத்தில் குதிரை வாங்கப் போகிறவர்களுக்கு என் பதினேழு கேள்விகளையும் இலவசமாகத் தரத் தயார், ஆனால் நாலு மீனைத் தானே புரட்டி வைத்து விற்ற ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போனால் அந்தக் கேள்விகள் தேவைப்படாது.